பாகு வரும் வரை ஆக்சிஜன்

சம்பந்தியாகப் போகிற சான்யால் எனக்கு நேரடியாகச் செய்தி அனுப்பியிருந்தார். என் மகன் ஜெய்ராமுக்கு அல்ல, எனக்கு. வீட்டில் மூத்தவன் யாரென்று தெரிந்து நடக்கிற மனிதர் என்று அவர்மேல் அப்போதே மதிப்பு வந்துவிட்டது. வங்காளிக் குடும்பத்துக்குப் பேத்தியைக் கொடுப்பதில் எனக்கிருந்த தயக்கத்தில் பாதி அங்கேயே கரைந்தது.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மதிப்பிற்குரிய வெங்கடநாராயணன் அவர்களுக்கு, ஞாயிறு காலை ஆசீர்வாதத்துக்கு உங்கள் இல்லம் வருகிறோம். எங்கள் தத்வா எங்களோடு வரும். உங்களுடையதை உரிய வேளையில் ஆவலோடு எதிர்பார்ப்போம்."

ஆசீர்வாதம் என்றால் இவர்களுடைய நிச்சயதார்த்தம் என்பது எனக்குத் தெரியும். தத்வா என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதியிருந்தார். அதற்கு யாரும் எனக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. தத்துவம்.

நான் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் டிராஃபிக் மானேஜராக ஓய்வு பெற்றவன். பெஹாலாவில் மகன் வீட்டுக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. என் வங்காளி காய்கறிக் கடையோடு நின்றுவிடும். ஆனால் இது படித்தவர்கள் ஊர் என்பதைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை. சான்யால் நிலவியல் பேராசிரியராக இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பங்கள் முதல்முறையாக உட்கார்ந்து பேசும்போது இரண்டு பக்கமும் தங்கள் தத்துவத்தைச் சொல்லிக்கொள்வது இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நல்ல வழக்கம்தான். நம் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் பஜ்ஜியைத் தாண்டிப் பேச்சு போவதில்லை.

"சம்பந்தி தத்துவம் கேக்கறார்" என்றேன் என் மனைவி விஜயாவிடம்.

"பொண்ணைக் கேட்டா. இப்போ தத்துவமும் வேணுமாமா? எத்தனை கிலோ?"

"விளையாடாதே. குடும்ப மானம் இதுல இருக்கு. அவா ஒண்ணு சொல்லி நாம வாயை மூடிண்டு உக்காந்தா என்ன நினைப்பா?"

"ஜெய்ராம்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கோளேன். அவன் இந்த ஊர்ல எத்தனை காலமா இருக்கான்."

"எனக்கு எழுதினதுக்கு அவனை என்ன கேக்கறது?"

கேட்டிருக்கலாம் என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள். தெரியாததைக் கேட்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும்?

முதலில் அத்வைதம் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். விஜயா ஒரே வரியில் அதை முடித்துவிட்டாள். "சம்பந்தம் பேச வந்தவாகிட்ட ரெண்டே கிடையாது, எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னா, அப்புறம் கல்யாணம் எதுக்குன்னு எழுந்து போயிடுவா."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தவிர, மீன் சாப்பிடுகிறவர்களும் தயிர்சாதம் சாப்பிடுகிறவர்களும் ஒரே விரிப்பில் உட்காரும்போது இரண்டு பேருக்கும் பொதுவான தத்துவமாக இருக்க வேண்டும். அது எது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பேத்தி பிரியம்வதா தோசை சாப்பிட வந்து உட்கார்ந்தாள். ஜாதவ்பூரில் ஆராய்ச்சி செய்கிறாள். மாப்பிள்ளைப் பையன் அனிந்த்யாவும் அதே ஆய்வுக்கூடம்தான்.

"நீ அங்கே என்னதான் பண்றே? இதுவரைக்கும் நான் சரியாக் கேட்டதில்லை."

"சுந்தரவனத்துச் சேத்துல ஆக்சிஜன் எவ்ளோ டீப்பா போறதுன்னு மெஷர் பண்றேன் தாத்தா."

"அந்தப் பையன்?"

"அவன்தான் சேத்தைத் தூக்கிண்டு வருவான்."

காதல் இந்த நாளில் எங்கெல்லாம் முளைக்கிறது! ஆனால் ஆக்சிஜன் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எல்லாருக்கும் பொதுவானது, இரண்டு பிள்ளைகளின் படிப்பையும் தொடுவது, யாருடைய சாப்பாட்டையும் தொடாதது. ஞாயிறு வரைக்கும் தினமும் தோசைக் கல் பக்கத்தில் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

செடி விடுகிற ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதாகத்தான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நம்பி வந்தேன். "இல்லை தாத்தா, தண்ணிலேர்ந்து வரது. வெயிலை வெச்சு இலை தண்ணியை உடைக்கிறது. அதுக்கு வேண்டியது ஹைட்ரஜன். ஆக்சிஜனை வெளில தள்ளிடும்" என்றாள். அலையாத்தி மரங்களைப் பற்றியும் சொன்னாள். சேற்றுக்குள் காற்றே கிடையாதாம். அதனால் அந்த மரத்தின் வேர்கள் தலைகீழாக மேலே எழும்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்று மூச்சு விடுமாம்.

"உங்க தாத்தா வம்சம்" என்றாள் விஜயா மாவைக் கரைத்துக்கொண்டே.

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பக்க அளவுக்குப் பேச்சைத் தயார் செய்து மனப்பாடம் செய்துகொண்டேன். வீட்டுக்குப் பெரியவன் சுருக்கமாகப் பேச வேண்டும். நீட்டிப் பேசுவது தரகர் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை டாலிகஞ்சிலிருந்து இரண்டு கார்களில் வந்தார்கள். நான் வேட்டி, அங்கவஸ்திரத்தோடு வாசலில் நின்றேன். மாடிப்படியில் முதலில் சங்கொலி கேட்டது. பிறகு பெண்களின் குலவை. அதற்குப் பின்னால் தட்டுகள். ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, எல்லாவற்றின் மேலும் பளபளவென்று சிவப்புக் கண்ணாடித் தாள், ஓரத்தில் ரிப்பன். மயில் போல் மடித்த ஒரு புடவை, படகு போல் மடித்த இன்னொன்று. இனிப்பு, பழம், வாசனைப் பொருள். முதல் தட்டில் ஒரு பெரிய மீன் சிவப்புப் புடவை கட்டி, மூக்குத்தி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது.

விஜயா என் முழங்கையைப் பிடித்தாள். எங்கள் வீட்டு வாசலை இதுவரை மீன் தாண்டியதில்லை.

"பயப்படாதீர்கள், பயப்படாதீர்கள்!" என்று சான்யால் மேல்மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கட்டைகுட்டையான, சிரித்த முகம். "சந்தேஷ்! முழுக்க முழுக்கப் பால் இனிப்பு. உங்களுக்காகவே அச்சில் செய்யச் சொன்னேன்."

விஜயா குனிந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு என் காதருகே, "மீனுக்கே இவ்வளவு அழகாப் புடவை கட்டி விடறவா நம்ம பொண்ணை நன்னா வெச்சுப்பா" என்றாள்.

கூடத்தில் விரித்த ஜமக்காளத்தில் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். வைக்கச் சொன்னது சான்யாலின் அக்கா நீலிமா. பையனுக்கு அத்தை. வங்காளியில் பிசி என்கிறார்கள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைப் புடவை, கோல் நட்டது போன்ற முதுகு. அவர் உட்கார்ந்ததும் கூடத்தில் எல்லாரும் கொஞ்சம் நேராக உட்கார்ந்தார்கள். என்னைப் போல ஒரு ஆள் அந்தப் பக்கத்திலும் இருக்கிறாரே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

சான்யால் கையை விரித்துத் தட்டுகளைக் காட்டினார். "வெங்கட் பாபு, இதோ எங்கள் தத்வா."

நான் தலையசைத்துவிட்டு அவர் பேச ஆரம்பிக்கக் காத்திருந்தேன். அவர் பேசவில்லை. யாருமே பேசவில்லை. எல்லாரும் தட்டுகளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மீனைப் பார்த்தேன். படகுப் புடவையைப் பார்த்தேன்.

எனக்குப் புரிந்தது. தத்துவம் என்றால் சீர். இந்த ஊரில் தத்துவத்தைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

அதே சமயம் பிசி தம்பியின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது: "ஓதேர் தொத்தோ கோபே?"

ஓதேர் என்றால் அவர்களுடைய. காய்கறிக் கடையில் தினமும் கேட்கிற சொல்தான். தொத்தோ, அந்தப் பாழாய்ப்போன தத்துவம். கோபே எது என்று சொல்லவும் வேண்டுமா? அந்த அம்மாளின் புருவம் வேறு நெரிந்திருந்தது. வந்த இடத்தில் சீருக்குச் சீர் வைக்கவில்லை என்று கோபம்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, வேகமாக நடப்பது தெரியாத வேகத்தில் சமையலறைக்குப் போனேன்.

"விஜயா. தத்துவம்னா சீராம்."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "நான்தான் கிலோக் கணக்குக் கேட்டேனே!"

"அந்த அத்தைக்காரி கோபத்துல இருக்கா. நம்மகிட்டத் திருப்பி வைக்க என்ன இருக்கு?"

எங்கள் வீட்டு மானத்தை இத்தனை வருஷமும் நான் காத்ததாகத்தான் நினைத்து வந்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி சமையலறையில் நடந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. விஜயா அலமாரியைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். "தட்டை இருக்கு, மைசூர்பாகு இருக்கு. எல்லாம் டிபனோட கொடுக்கப் பண்ணினதுதான். வெத்தலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பழம் சரி. தீபாவளிக்கு எனக்கு எடுத்த பட்டுப்புடவை பிரிக்காம இருக்கு. ஆனா பருப்புத்தேங்காய் இல்லாம என்ன சீர்? வைசாக்லேர்ந்து கொண்டுவந்த கூம்புக் கூடு ரெண்டும் பரண்ல இருக்கு. பொட்டுக்கடலை இருக்கு. வெல்லத்தைப் போட்டுப் பாகு வெச்சுடறேன். நீங்க போய்ப் பேசிண்டிருங்கோ."

"எவ்வளவு நேரம் பேசணும்?"

"பாகை உருட்டித் தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் வரணும். வர வரைக்கும். சுருக்க வரச் சொல்லி நான் மிரட்டவா முடியும்?"

திரும்பிக் கூடத்துக்கு வந்தேன். மருமகள் வித்யாலக்ஷ்மி டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெய்ராம் விருந்தாளிகளிடம் மெட்ரோ பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். இவனிடம் போய் இப்போது சொல்வதா? நான் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"உங்கள் தத்துவத்தைக் கண்டோம். மகிழ்ச்சி. எங்கள் குடும்பத்தில் தட்டு பின்னால் வரும், சொல் முன்னால் வரும். எங்கள் தத்துவம் ஆக்சிஜன்."

அனிந்த்யாவுக்கு டீ புரை ஏறியது. ஜெய்ராம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். பிரியம்வதா மட்டும் கண்ணை அகல விரித்து, பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, பிசிக்கு வங்காளியில் மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். நல்ல பெண். ஒரு வாக்கியம் இரண்டு வாக்கியமாகிறது. பாகுக்கு நேரம் கிடைக்கிறது.

இலையில் தொடங்கினேன். இலை தண்ணீரைக் குடிக்கிறது, வெயிலால் அதை உடைக்கிறது, தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுகிறது. பிசி விரலைத் தூக்கி வங்காளியில் கேட்டார், பிரியம்வதா அதை எனக்குச் சொன்னாள்.

"இருங்கள். அப்படியானால் நாம் மூச்சாக இழுப்பது ஒரு செடி வேண்டாமென்று தூக்கிப் போட்டதையா?"

"ஆமாம், அம்மா."

"நான் இதை ஒப்புக்கொள்ளமாட்டேன். பிள்ளைகளுக்கு இத்தனை வருஷமும் மரம் நமக்கு மூச்சைத் தானம் செய்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன்."

"தானம் என்றால் அது பெயர் போட்டுக் கொடுத்திருக்கும். இது சத்தம் போடாமல் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறது. எனக்கு அதுதான் உயர்வாகத் தெரிகிறது."

பிசி யோசித்தார். "ஹூம்" என்றார். அவர் புருவ நெரிப்பு இன்னும் தளரவில்லை.

அடுத்து நுரையீரல். நாம் இழுக்கிற ஆக்சிஜன் ரத்தத்தோடு உடம்பெங்கும் போய், சாப்பாட்டிலிருந்து வந்த ஹைட்ரஜனோடு சேர்ந்து, மறுபடியும் தண்ணீராகிறது. தண்ணீரில் புறப்பட்டது தண்ணீரில் வந்து சேர்கிறது. நான் மனப்பாடம் செய்திருந்த பேச்சு அத்தோடு முடிந்தது. கம்பீரமாகத்தான் முடிந்தது. கை தட்டக்கூட ஆரம்பித்தார்கள்.

நான் சமையலறைப் பக்கம் காதைத் தீட்டினேன். சத்தம் எதுவும் இல்லை. கதவு ஓரத்தில் விஜயாவின் முகம் மட்டும் தெரிந்தது. கரண்டியை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

"இது முன்னுரை" என்றேன்.

கைதட்டல் நின்றது. சான்யால் மட்டும் மகிழ்ந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பேராசிரியராக இருந்தவருக்கு முன்னுரை என்ற சொல் பசியைக் கிளப்பும் போலிருக்கிறது.

"காடு நமக்கு ஆக்சிஜனை வாரி வழங்குகிறது என்று நினைக்கிறோம்" என்று தொடர்ந்தேன். "விழுந்த இலை மக்கும்போது, மரம் ராத்திரி மூச்சு விடும்போது, புழு பூச்சி தின்று வாழும்போது, காடு தான் விட்டதைக் கிட்டத்தட்ட முழுக்கத் தானே திருப்பி எடுத்துக்கொள்கிறது."

"அப்படியானால்," என்று சான்யால் என்மேல் பாய்ந்தார், "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் எப்படிச் சேர்ந்தது? சொல்லுங்கள் வெங்கட் பாபு, எப்படி?"

எனக்கு விடை தெரியும். பிரியம்வதா சொல்லியிருந்தாள். ஆனால் அவருக்கும் தெரியும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சொல்லத் துடிக்கிற மனிதரைத் தடுப்பது விருந்தோம்பல் இல்லை. "நீங்களே சொல்லுங்களேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எழுந்தார். மக்காமல் போன கொஞ்சத்தைப் பற்றிச் சொன்னார். ஆற்றுச் சேற்றிலும் கடலடியிலும் புதைந்துபோகிற இலை தழைகளை எந்தக் காற்றும் தொடுவதில்லை, அதனால் அவை விட்டுச்சென்ற ஆக்சிஜன் திருப்பி எடுக்க ஆளில்லாமல் காற்றிலேயே தங்கிவிடுகிறது என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, கோடிக்கணக்கான வருஷங்கள். ராணிகஞ்ச் நிலக்கரிக்குப் போனார், அங்கிருந்து நிலக்கரியை எரிப்பதற்குப் போனார். கையை வீசிய வீச்சில் சந்தேஷ் மீனின் மூக்குத்தி விழுந்தது. இவருடைய மாணவர்கள் பாவம், எனக்கு மட்டும் அன்றைக்குக் கடவுள் அனுப்பிய மனிதர்.

"பிரதீப்" என்று பிசி தம்பியைக் கூப்பிட்டார். "இது அவர்கள் தத்துவம். உன் வகுப்பு இல்லை. உட்கார்."

உட்கார்ந்துவிட்டார். உள்ளே இன்னும் சத்தம் இல்லை. வெல்லம் கொதிக்கிற வாசனை மட்டும் வர ஆரம்பித்தது. நான் மறுபடி எழுந்தேன். கடலுக்குப் போனேன். கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகள் உலகத்து ஆக்சிஜனில் ஏறக்குறையப் பாதியைத் தயாரிப்பதைச் சொன்னேன். அதுவும் தீர்ந்தது. பிரியம்வதா சொல்லிக்கொடுத்ததில் இனி மிச்சம் பாறையும் துருவும்தான். அந்தப் பகுதியை நான் சரியாகக் கேட்டுக்கொண்டதுகூட இல்லை, தோசை கருகியதில் கவனம் போய்விட்டது.

"துரு" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும்தான் எனக்கு என் துறைமுகம் ஞாபகம் வந்தது.

"நான் வேலை பார்த்த விசாகப்பட்டினத்தில் பைலடிலா மலையிலிருந்து இரும்புத் தாது வரும். ரயில் ரயிலாக வந்து ஜப்பானுக்குக் கப்பலேறும். அந்தச் சிவப்புத் தூள் படியாத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. என் சட்டைக் காலர், ஜன்னல், மொட்டை மாடியில் காய்ந்த வடகம். என் மனைவி சலவைக்காரரிடம் சண்டை போடுவாள். என் பேத்தி சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் காலத்துக் கடலில் இரும்பு கரைந்து கிடந்ததாம். கடலில் முதன்முதலில் உண்டான ஆக்சிஜன் காற்றுக்கு வராமல் அந்த இரும்பைப் பிடித்துத் துருவாக்கி அடியில் படிந்ததாம். அதுதான் தாது. நான் இரும்பை ஏற்றுமதி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தின் முதல் மூச்சைக் கப்பல் கப்பலாக ஏற்றியிருக்கிறேன்."

பிரியம்வதா மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிசி அவள் தொடையில் தட்டி, "பொலோ, பொலோ" என்று அவசரப்படுத்தினார். சொல்லு, சொல்லு என்று அர்த்தம்.

நேரத்தை ஓட்டுவதை நான் அப்போது மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பேசுவதற்காகவே பேசினேன். "ஜப்பான் உலையில் தாதுவைக் கரியோடு போட்டு உருக்குவார்கள். அத்தனை காலம் கல்லுக்குள் அடைந்திருந்த ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து புகைபோக்கி வழியாக மேலே போயிருக்கும். எந்த ஊர் இலை அதை வாங்கியதோ! நெல்லாக்கியதோ, கரும்பாக்கியதோ. இதோ உள்ளே வெல்லம் கொதிக்கிறதே, அதில்கூட இருக்கலாம். இல்லை என்று யார் சொல்ல முடியும்?"

"யாரும் சொல்ல முடியாது" என்றார் சான்யால், நிலவியலின் சார்பில்.

பிசி காற்றை முகர்ந்தார். "குட்" என்றார். ஆங்கிலத்தில் பாராட்டுகிறார் என்று தலை வணங்கினேன். குட் என்றால் வங்காளியில் வெல்லம் என்று பிரியம்வதா திருத்தினாள்.

உள்ளே டங் என்றது.

நான் உட்கார்ந்தேன். கூட்டில் அடைத்து, ஆறி, உருவுகிற வரைக்கும் பிசியின் கேள்விகள் போதுமானதாக இருந்தன. பாறையின் எடையில் ஏறக்குறையப் பாதி ஆக்சிஜன்தான் என்பதை அவர் நம்பவே இல்லை. தம்பியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பிறகு விஜயாவும் வித்யாலக்ஷ்மியும் தட்டுகளோடு வந்தார்கள். முதலில் மஞ்சள் குங்குமம், வெற்றிலை. அடுத்தது பட்டுப்புடவை, மடித்த மடிப்பு கலையாமல், மயிலாகவும் இல்லை, படகாகவும் இல்லை. தட்டை, மைசூர்பாகு, பழம். கடைசியில் இரண்டு பருப்புத்தேங்காய், கூம்பு கூம்பாக, உச்சியில் பூ வைத்து, இன்னும் லேசான சூட்டோடு. வரிசைக்கு எதிர்வரிசை. நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "இது எங்கள் தத்வா" என்றேன்.

சான்யால் குடும்பம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"இன்றைக்கேயா?" என்றார் சான்யால்.

"இன்னிக்கு எதுக்குப்பா?" என்றான் ஜெய்ராம், தமிழில், குரலைத் தாழ்த்தி. "பொண்ணாத்துத் தத்வா கல்யாணத்துக்கு அப்புறம்தான் போகும். இன்னிக்கு அவா மட்டும்தான். எல்லாம் பேசி வெச்சிருக்கோமே!"

"என்கிட்ட யாரும் பேசி வெக்கலையே. அந்த அம்மா கோபமாக் கேட்டாளே? கோபேன்னு?"

பிரியம்வதாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள். "ஐயோ தாத்தா, கோபே... கோபேன்னா எப்போன்னு அர்த்தம்! நம்மாத்துத் தத்வா எப்போன்னு பிசி தேதி கேட்டா!"

"பின்னே புருவத்தை ஏன் நெரிச்சுண்டா?"

"கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டா தாத்தா!"

நான் மருமகள் பக்கம் திரும்பினேன். "நீயாவது சொல்லியிருக்கலாமே அம்மா. நீ இந்த ஊர்லயே வளர்ந்தவதானே."

வித்யாலக்ஷ்மி பருப்புத்தேங்காய்த் தட்டை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். "அம்மா வேகவேகமா அடைக்கச் சொன்னா. வந்த தட்டுக்கு உடனே எதிர்த்தட்டு வைக்கறது நம்மாத்து வழக்கமாக்கும்னு நானும் அடைச்சேன்ப்பா."

இதற்குள் எல்லாம் வங்காளியில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. கூடமே சிரித்தது. சான்யால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தத்வா... ஃபிலாஸஃபி... ஓ மா!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். அனிந்த்யா மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கியதில் மறுபடி புரை ஏறியது. நான் நேராகவே உட்கார்ந்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எதிரே இரண்டு பருப்புத்தேங்காய் நிமிர்ந்து நின்றன. கையை வீசிக்கொண்டு யாரும் எங்கள் வீட்டிலிருந்து போகப்போவதில்லை.

சிரிக்காமல் இருந்தது இன்னொருவர் மட்டும்தான். நீலிமா பிசி எழுந்து வந்து குனிந்து, கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பருப்புத்தேங்காயைப் பார்த்தார். ஒரு பொட்டுக்கடலையைப் பெயர்க்கப் பார்த்தார், வரவில்லை. நிமிர்ந்தார்.

"பிரதீப், சிரித்தது போதும்" என்றார். கூடம் அடங்கியது. "இவர்கள் முறைக்கு முன்னாலேயே வைத்துவிட்டார்கள். இப்போது சான்யால் வீடு பின்னால் நிற்கிறது. நாம் கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு தத்வா அனுப்ப வேண்டும்."

"திதி!" என்று அலறினார் சான்யால். அக்கா என்று அர்த்தம். "இந்தத் தட்டுகளைக் கட்டவே வீட்டில் ஒரு வாரம் யாரும் தூங்கவில்லை!"

"தூங்காதீர்கள்."

இப்படி ஒரு பெண்மணியைச் சம்பந்தமாகப் பெறுவதற்கு எங்கள் வீடு கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? நானும் எழுந்தேன். "அனுப்புங்கள் அம்மா. வந்த கையோடு எங்களுடையது புறப்பட்டு வரும்" என்றேன்.

"அப்பா!" என்றான் ஜெய்ராம். விஜயா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிசி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. "வரட்டும். ஆனால் வெறும் தட்டு வந்தால் நான் வாங்கமாட்டேன். இன்றைக்குப் போல முதலில் சொல் வர வேண்டும். இத்தனை வயதில் நான் பார்த்த தத்வாக்களில் இதுதான் பெயருக்குப் பொருத்தமாக இருந்தது." கொஞ்சம் நிறுத்தி, மாணவனுக்குப் பாடம் ஒதுக்குகிற குரலில் சொன்னார்: "ஆக்சிஜன் ஆகிவிட்டது. அடுத்தது நைட்ரஜன்."

நைட்ரஜனைப் பற்றி எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பிரியம்வதாவின் பக்கம் பார்த்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மகிழ்ச்சியாக" என்றேன்.